அக்காவுக்குப் பலேர்மோவைச் சுற்றிக் காட்டிய கிழமை

1

போன கிழமை பாரிசிலிருந்து என் பெறாமகள் ரெஜினா தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளின் விடுமுறைக்கு இங்கே வரப்போகிறாளாம். "சித்தி, உங்கடை பலேர்மோவிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டாள். பாரிசில் இருப்பவள் அப்படிக் கேட்டால் கொஞ்சம் ரோசம் வராதா?

"இதுவும் தலைநகரம்தான் பிள்ளை. சிசிலித் தீவுக்குத் தலைநகரம். மாளிகை கிடக்கு, மலை கிடக்கு, மொண்டெல்லோவிலை கடற்கரை கிடக்கு. உங்கடை பாரிசிலை ஆளை ஆள் நிமிந்து பாக்கிறதில்லை. இஞ்சை ஒரு கத்தரிக்காய் வாங்கப் போ, உன்ரை கலியாணக் கதை முழுக்கக் கேட்டுத்தான் விடுவினம்" என்றேன்.

எல்லாம் சொன்ன பிறகு, நவம்பர் தொடக்கத்தில் மட்டும் வராதே, கோடையில் வா என்றேன். ஏன் என்று கேட்டாள். மழை என்றேன்.

காரணம் மழையில்லை. முன்பு ஒரு நவம்பர் தொடக்கத்தில் இந்த ஊரில் வந்து நின்றவர் அவளுடைய அம்மா, என் மூத்த அக்கா. ஊர் சுற்றிக் காட்டியவள் நான். அதைத்தான் எழுதப்போகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள். கதைப்பதுபோலத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

றீத்தா அக்காவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ரெஜினா. இளையவன் யூட். மன்னாரிலிருந்து வவுனியாவுக்குப் போகிற வழியில் யூட்டைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள். அவனோடு இறக்கிய மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். இவன் வரவில்லை. யார் இறக்கினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. அக்கா எல்லா முகாம் வாசலிலும் நின்றார். பிறகு ரெஜினா தாயைப் பாரிசுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். "நான் இல்லாத நேரம் அவன் வந்தால் கதவு ஆர் திறக்கிறது?" என்று அழுதபடிதான் அக்கா விமானம் ஏறினார். பக்கத்து வீட்டில் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பாரிசுக்கு வந்த கையோடு யூட்டின் படத்தைப் பிரதி எடுத்து, சகோதரங்கள் எல்லாருக்கும் அனுப்பினார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு ஒன்று, திருச்சியில் இருக்கும் சின்னக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மடுமாதா படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவன் வரும்வரை விளக்கு அணையக்கூடாது. இதுதான் அக்காவின் கட்டளை.

எங்கள் வீடு அல்பெர்கேரியாவில், பல்லாறோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருக்கிறது. பழைய வீடு, கூரை முழுக்க மரம். மெழுகுதிரியை விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயம். என் கணவர் சேவியர் சந்தைக்குப் போய், படங்களுக்கு முன்னால் வைக்கிற சின்னச் சிவப்பு மின்விளக்கு ஒன்றை வாங்கி வந்து செருகினார். அன்றிலிருந்து அது எரிந்துகொண்டிருந்தது. என் மகள் றொசாலியா, எங்களுக்கு றோசி, அந்த வெளிச்சத்தில்தான் வளர்ந்தாள்.

3

அக்கா ஒக்டோபர் கடைசியில் ரயிலில் வந்தார். இத்தாலியின் நுனியில் ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளுவார்கள், கடல் தாண்டியதும் மறுபடியும் தண்டவாளத்தில் விடுவார்கள். அக்கா இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னது இதுதான்: "எடி லூர்து, ரயில் கப்பலிலை ஏறுதடி! தலைமன்னாரிலை நாங்கள் எல்லோ ரயிலாலை இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கப்பல் ஏறினனாங்கள். இஞ்சை ரயிலுக்கு மரியாதை."

நான் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பது, சமைப்பது, அவர் சொல்லும் பழைய கதையைப் புதிதுபோலக் கேட்பது. அந்தக் கிழமை அவருடைய மகள் வந்திருந்ததால் எனக்குப் பின்னேரங்கள் ஓய்வாகக் கிடைத்தன. அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

முதலில் பல்லாறோ. அங்கே வியாபாரிகள் கதைப்பதில்லை, பாடுகிறார்கள். மீன் விற்கிறவன் ஒருவன் எங்களைக் கண்டதும், "சிஞ்ஞோரா, முதலில் வாங்கிச் சாப்பிடு, பிறகு வந்து என்னை ஏசு!" என்று கத்தினான். மொழிபெயர்த்துச் சொன்னேன். "பேசாலை மீன்வாடியிலை ஒருத்தன் இப்பிடித்தான் கத்துவான். அவன்ரை சொந்தக்காரனோ?" என்று அக்கா கேட்டார். வாள்மீனின் தலையை நிமிர்த்தி வைத்திருந்ததைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார். கடலைமாவில் பொரித்த பலகாரத்தைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். "மிளகாய் போட மறந்திட்டாங்கள், மற்றும்படி சோக்கு" என்றார்.

ஒரு நாள் பேருந்து ஏறி, இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்குப் போனோம். குகைக்குள் கோயில். இங்குள்ள தமிழர்கள், வேதக்காரரும் சைவக்காரரும், மொரிசியசில் இருந்து வந்தவர்களும்கூட, ஞாயிறென்றால் நடந்தே ஏறுவார்கள். அக்கா அங்கே முழந்தாளில் நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

குவெஸ்தூராவுக்கும் போக வேண்டியிருந்தது. அது வெளிநாட்டுக்காரரின் காரியம் பார்க்கிற பொலிஸ் கந்தோர். வந்திருக்கிறோம் என்று அங்கே அறிவிக்க வேண்டும். காலையிலிருந்து வரிசை. எங்களுக்கு முன்னால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நின்ற நெடுந்தீவு மனிசி, "இது புதுக்கக் குடுத்து, கையிலை கிடைக்கிற அண்டைக்கு முடிஞ்சுபோற கடதாசி அக்கா" என்றாள். அக்கா சிரித்தார். அந்தக் கிழமை அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

உள்ளே இருந்த அலுவலர் நல்ல மனிதர். முத்திரை குத்தியபடியே, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அது கடதாசிக்கு வேண்டிய கேள்வியில்லை. சிசிலியில் யாரும் யாரையும் கேட்பது. அக்கா இரண்டு விரலைக் காட்டினார். எங்கே இருக்கிறார்கள் என்றார் அவர்.

"மூத்தவள் பாரிசிலை. இளையவன் வாறான் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"எப்ப வாறார் எண்டு கேக்கிறார் அக்கா."

"கெதியிலை எண்டு சொல்லன்."

அதையும் சொன்னேன். அலுவலர் தலையாட்டி, "நாங்களும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

4

இனி இந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியும், நவம்பர் இரண்டு இறந்தவர்களின் நாள். நாங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோவோம். பலேர்மோவில் அதற்கு முதல்நாள் இரவு இறந்தவர்களே வீட்டுக்கு வருவார்கள். செத்துப்போன தாத்தாவோ மாமியோ வந்து, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாமான் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுச் சாமான், சப்பாத்து, சீனியில் செய்து நிறம் பூசிய பொம்மைகள். விடிந்ததும் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குப் பின்னும் தேடி எடுப்பார்கள். "உனக்கு யார் கொண்டுவந்தது?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். இங்கே பிள்ளைகளுக்குச் செத்தவர்களிடம் பயமில்லை. பாசம்தான்.

றோசி பாலர் பள்ளிக்குப் போன முதல் வருசம் வெறுங்கையோடு நின்றாள். "மாம்மா, எங்கடை வீட்டிலை செத்தவை ஒருத்தரும் இல்லையோ?" என்று ஏங்கிப்போய்க் கேட்டாள். செத்துப்போன தாத்தா இருக்கிறார், மன்னாரில் இருக்கிறார் என்றோம். "அப்ப ஏன் வரேல்லை?" என்றாள். சேவியர் பகிடியாக, "தாத்தாவுக்கு விசா குடுக்கேல்லை குஞ்சு" என்று சொல்லிவிட்டார். அவள் அதைப் பள்ளியில் போய்ச் சொல்ல, கன்னியாஸ்திரி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அதன் பிறகு நாங்களும் வாங்கி ஒளித்து வைக்கத் தொடங்கினோம். ஊரோடு ஒத்துப்போகத்தானே வேண்டும். யார் கொண்டுவந்தது என்று நாங்கள் சொல்வதில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கணக்கை அவளே தீர்த்துக்கொண்டாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுடைய சிநேகிதிகளின் வீடுகளில் செத்தவர்களின் படத்துக்கு முன்னால்தான் சிவப்பு விளக்கு எரியும். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருந்தது. ஒரு விளக்கு எரிந்தது.

அக்காவோடு சந்தையில் நடந்தபோது தட்டுத் தட்டாகச் சீனிப் பொம்மைகள் அடுக்கியிருந்தார்கள். குதிரையில் இருக்கும் வீரன், நடனக்காரி, பூக்கூடைக்காரி. "இது என்னத்துக்கடி?" என்று அக்கா கேட்டார். "பிள்ளையளின்ரை பெருநாள்" என்றேன். கண்ணில் பட்டதையெல்லாம் விளக்கமாகச் சொன்னவள், அதை மட்டும் அவ்வளவோடு நிறுத்தினேன். செத்தவை என்ற சொல்லை அக்காவுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் எடுப்பதில்லை.

வாள் பிடித்திருந்த வீரன் வேண்டாம் என்று, அக்கா காணாமல் பூக்கூடைக்காரியை வாங்கினேன். கூடவே ஒரு சோடிச் சிவப்புச் சப்பாத்து.

5

நவம்பர் இரண்டு காலையில் நான் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தேன். சேவியர் மொண்டெல்லோவில் உணவகத்து வேலைக்குப் போய்விட்டார். அக்கா படுத்திருந்த அறைக்குள் றோசி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பெரியம்மா! எழும்புங்கோ! அண்ணா வந்தவர்! எனக்குச் சப்பாத்து கொண்டந்து வைச்சவர்!"

"எந்த அண்ணா குஞ்சு?"

"யூட் அண்ணா!"

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சன்னல் பலகைகளைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா பிள்ளையை மடியில் இருத்தி, காதோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தவன்?"

"ராத்திரி. நான் நித்திரை."

"நீ காணேல்லையோ?"

"காணக்கூடாது பெரியம்மா. கண்டால் பிறகு வரமாட்டினம்."

"ஓம் ஓம், காணக்கூடாதுதான். அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஆனா தெரியாத மாதிரி இருப்பா."

அக்கா அவளுடைய தலையைத் தடவி, "கெட்டிக்காரி. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன?" என்றார்.

ஊரில் இருந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சண்டை நடந்த அந்த வருசங்களில் ஒளித்துத் திரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு எப்படி வந்து போனார்கள்? இருட்டில் வந்தார்கள். தாய் போட்டதைத் தின்றார்கள். தங்கச்சியின் தலைமாட்டில் ஒரு றிபனோ இனிப்போ வைத்துவிட்டு, விடியமுதல் போனார்கள். தாய் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். காலையில் யார் கேட்டாலும் ஒருவரும் வரவில்லை. அக்காவின் வீட்டில் அப்படி எத்தனையோ நாள் நடந்தது. றோசி சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அக்கா விளங்கிக்கொண்டதிலும் எங்கள் ஊர்க் கணக்குப்படி பிழையில்லை.

அக்கா குசினிக்கு வந்தார். முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் கடைசியாகக் கண்டது அவன் பிறந்த அன்று.

"எடி, நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றார் மெல்ல. "நீயும் வாய் திறக்காதை. உன்னைச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லியிருப்பான். எனக்குத் தெரியாதே என்ரை பிள்ளையை?"

"அக்கா..."

"உஸ்ஸ். பிள்ளையின்ரை சப்பாத்தைப் பாத்தனியே? அளவெடுத்த மாதிரிக் கிடக்கு. எத்தினை தரம் ஒளிச்சு நிண்டு அவளின்ரை காலைப் பாத்திருப்பான்!"

நான் அடுப்பிலிருந்த கோப்பியை இறக்கி வைத்தேன்.

"ஒண்டு மட்டும் சொல்லு. இண்டைக்கும் வருவானோ?"

எனக்குச் சத்தம் வரவில்லை. வராத சத்தத்தை அக்கா தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார். முந்தானையை இடுப்பில் செருகினார். குளிர்ப்பெட்டியைத் திறந்து மீனை எடுத்தார்.

"அவனுக்குப் புளி கூட நிக்கவேணும். இந்த வெள்ளைக்காரச் சாப்பாடு திண்டு நாக்குச் செத்திருக்கும்."

சட்டி ஏறியது. வெந்தயம் பொரிகிற மணம் வந்தது. மாதா பாட்டொன்றை முணுமுணுத்தபடி சமைத்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒவ்வொரு தரமும் நினைப்பேன். அக்கா திரும்பி, "உப்புப் பார்" என்று அகப்பையை நீட்டுவார். பார்ப்பேன். சரி என்பேன். ஒழுங்கையில் சனம் குடும்பம் குடும்பமாக வெள்ளைச் செவ்வந்திப் பூவோடு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா சன்னல் பலகையின் நீக்கலால் பார்த்து, "இவை எல்லாரும் பூவோடை எங்கை போகினம்?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு."

"நல்ல நாளாய்த்தான் பாத்து வந்திருக்கிறான்" என்றார்.

6

கதவைத் தட்டியவர் எதிர்வீட்டுக் கொன்செத்தா. கணவர் செத்த நாளிலிருந்து கறுப்பு உடுப்பைக் கழற்றாத மனிசி. எங்களுக்கு இந்த ஊரில் முதலில் கதவு திறந்ததும் அவர்தான். கல்லறைக்குப் போகிற வழியில், றோசிக்கென்று பழம்போலவே செய்த பாதாம் இனிப்பு ஒரு தட்டில் கொண்டுவந்திருந்தார். அக்கா சட்டென்று அடுப்படிக் கதவை முக்கால்வாசி சாத்தினார். வெளியாளுக்கு வாசனை தெரியக்கூடாதாம்.

கொன்செத்தா குனிந்து றோசியிடம் இத்தாலி மொழியில் கேட்டார்: "சொல்லு என் கண்ணே, உனக்கு யார் கொண்டுவந்தார்கள்?"

றோசி ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பெரியம்மா சொன்னதை மறந்துவிட்டாள். இல்லை, கொன்செத்தாவை வெளியாளாக அவள் நினைக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் யூட்டின் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

கொன்செத்தா படத்தைப் பார்த்தார். இளம்பிள்ளை. பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதே மூக்கு, அதே நெற்றி. தன் விரல் நுனியை முத்தமிட்டுப் படத்தில் வைத்தார். சிலுவை போட்டார். பிறகு அக்காவின் இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதார். "தாய், தாய்" என்று அவருடைய மொழியில் சொல்லிச் சொல்லி அழுதார்.

அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் நாங்களும் செத்தவீட்டில் கையை அப்படித்தான் பிடிப்போம். அக்கா தன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"லூர்து, இந்த மனிசி எனக்கேன் துக்கம் விசாரிக்கிறா?"

இனி ஒளிக்க இடமில்லை.

"அக்கா... இண்டைக்கு இந்த ஊரிலை பிள்ளையளுக்குச் சாமான் கொண்டுவாறது செத்தவை. அது இவையின்ரை வழக்கம். சப்பாத்து நான் வாங்கி வைச்சது. படத்தையும் விளக்கையும் பாத்திட்டுப் பிள்ளை தானாய் நினைச்சிட்டாள்."

அக்கா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்தினார். கொதித்துக்கொண்டிருந்த குழம்பு அடங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கொன்செத்தா ஏதோ விளங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

றோசி பயந்துபோனாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"பெரியம்மா, அண்ணா செத்தவர் இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. முகாம் வாசலில் சொன்னார், பாரிசில் சொன்னார், அந்தக் கிழமை குவெஸ்தூராவிலும் சொன்னார். வாறான் என்பதுதான் அது. அன்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து அக்கா சொன்னார்:

"தெரியாது குஞ்சு."

அதன் பிறகுதான் அழுதார்.

7

இரண்டு நாளில் அக்கா புறப்பட்டார். நிலையத்தில் நானும் அவரும் மட்டும். றோசி பள்ளிக்கூடம். ரயில் வருமட்டும் ரெஜினாவின் பிள்ளைகளைப் பற்றி, பாரிஸ் குளிரைப் பற்றி, முழங்கால் நோவுக்குப் பூசுகிற எண்ணெயைப் பற்றிக் கதைத்தோம். பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு நான் இறங்கும்போதுதான் சொன்னேன்.

"அக்கா, வீட்டுக்குப் போனவுடனை அந்த விளக்கை எடுத்துப்போடுறன். மெழுகுதிரி வைக்கிறன்."

"வேண்டாம்" என்றார். "எடுக்காதை. வாற வருசமும் பிள்ளைக்கு ஏதும் வாங்கி வை. யூட் அண்ணா எண்டே நினைக்கட்டும். அவன் சின்னப்பிள்ளையள் எண்டால் உயிரை விடுவான்."

நான் மேடையில் இறங்கி, அவருடைய சன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"செத்தவைக்கு ஒரு நாள் கிடக்கு, பூசை கிடக்கு, பூவோடை போக ஒரு இடம் கிடக்கு. என்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லையடி. வந்தவனுமில்லை, போனவனுமில்லை. இந்த ஊரிலை மட்டும் அவன் செத்தவனாய் இருக்கட்டும். மற்ற ஊரிலை எல்லாம் வாறான்."

கதவுகள் சாத்துகிற சீழ்க்கை ஊதினார்கள். அக்கா சன்னலால் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"நான் இனி இஞ்சை வரமாட்டன் லூர்து. குறை நினையாதை."

நான் குறை நினைக்கவில்லை.